ஆறும் தேரியும்

சென்ற தை மாதம் பாளையங்கோட்டையில் எங்கள் வகையறாவில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து முதல் பந்தியும் போய்விட்டது. இரண்டாம் பந்திக்குக் காத்திருக்கும் கிழவர்களோடு கிழவனாக நானும் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் அத்தான். என்னைவிட ஐந்து வயது மூத்தவர்; பசி வந்தால் சமூக விஷயங்களைப் பற்றிச் சிந்திக்கிறவர்.

“இந்த மண்டபம் யாருது தெரியுமாடே?” என்றார், கூரையில் தொங்கிய கண்ணாடி விளக்குகளைப் பார்த்துக்கொண்டே. தெரியும் என்று தலையசைத்தேன். தேரிப் பக்கத்திலிருந்து வந்த நாடார் குடும்பம் ஒன்றின் மண்டபம் அது.

“அவுகள்லாம் எங்கேயோ போயிட்டாக. நாம ஆத்தங்கரையிலே நூறு தலைமுறையா இருந்து என்னத்தைக் கண்டோம், சொல்லு!”

நான் வாயைத் திறப்பதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அத்தான் எழுந்து போன வேகத்தைப் பார்த்தால் அவருக்குப் பதில் தேவைப்பட்டதாகவும் தெரியவில்லை. ஆனால் ‘அவுக’, ‘நாம’ என்ற அந்த இரண்டு வார்த்தைகளும் சாப்பாடு முழுவதும் என் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றன. சைவச் சாப்பாட்டில் மீன் முள் ஏது என்று கேட்காதீர்கள்.

எங்கள் பக்கத்து பூமியைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் விழுகிற வரையில் தாமிரவருணி ஓடுவது சுமார் 80 மைல்தான். ஆனால் இரண்டு பருவ மழையும் அதற்கு உண்டு. வழி நெடுகக் கன்னடியன், சுத்தமல்லி, மருதூர், கடைசியாக 1873-இல் கட்டி முடித்த ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். கார் ஒரு போகம், பிசானம் ஒரு போகம். ஆற்றின் இருபுறமும் அக்கிரகாரங்கள், வேளாளத் தெருக்கள், கோயில்கள். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் போதும், யாரோ ஒரு கோடு கிழித்துவிட்டதுபோல் பச்சை நின்றுவிடும். அப்புறம் செம்மண் கடல். குதிரைமொழி, சாத்தான்குளம், உடன்குடி என்று காற்றடிக்கிற திசையில் நகர்ந்துகொண்டே இருக்கிற மணல் தேரி. அதில் நிற்பது பனை ஒன்றுதான்.

பனையேற்று என்பது என்ன வேலை என்று நான் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் ஆள் முப்பத்தைந்து மரம் பார்க்கிறான் என்று வையுங்கள். மரம் நாற்பது அடி. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. அப்படியானால் ஒரு நாளைக்கு 2,800 அடி உயரம் ஏற வேண்டும். அதே தூரம் இறங்கவும் வேண்டும். அகஸ்தியர் மலையின் உயரம் 6,100 அடி சொச்சம். அதாவது இரண்டு நாளைக்கு ஒரு முறை, காலில் தளைநாரும் இடுப்பில் பாளை அரிவாளும் சுண்ணாம்புக் கலயமுமாக, ஏறக்குறைய பொதிகை மலையின் உயரத்தை ஏறி இறங்குகிறான். இது மாசியில் தொடங்கி ஆவணி வரையில். இறக்கிய பதநீரைப் பெண்கள் அடுப்பில் ஏற்றி, புகையில் கண் சிவக்கக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்க வேண்டும். மிச்சமுள்ள மாதங்களுக்குச் சாப்பாட்டுக்கு வழி? அதைத் தேடித்தான் அவர்கள் வண்டி கட்டினார்கள். அத்தானுடைய கேள்விக்குப் பாதிப் பதில் அந்த வண்டியில் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு வண்டி வரும். மருதூர் அணைக்குக் கீழே எங்கள் ஊர். தாத்தாவுக்கு இருபத்துநாலு கோட்டை விதைப்பாடு இருந்தது. வைகாசி பிறந்தால் உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டிக்காரர் ஓலைச் சிப்பங்களை ஏற்றிக்கொண்டு வருவார். கருப்பட்டியை இப்போது வாங்கிக்கொள்வது. கார் அறுப்பு முடிந்ததும் நெல்லாக அளந்துவிடுவது. தாத்தா திண்ணையில் சாய்ந்திருப்பார். அவர் கீழே தெருவில் நின்றபடியே கணக்குச் சொல்வார். திண்ணையில் ஏறமாட்டார். ஏறக்கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லவேண்டிய காலமெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது போலும்.

1954-ஆம் வருஷக் கோடை. எனக்கு எட்டு வயது. “தாகமா இருக்கு, ஐயா” என்றார் கருப்பட்டிக்காரர். “ஏலே, தண்ணி கொண்டாந்து ஊத்து” என்றார் தாத்தா என்னிடம். செம்பை எடுத்துக்கொண்டு வந்தேன். அதை அவர் கையில் கொடுக்கப் போனேன். “உயரப் பிடிச்சு ஊத்துலே” என்று தாத்தா அதட்டினார். நான் திண்ணை விளிம்பில் நின்றுகொண்டு ஊற்றினேன். எனக்கு அப்பாவைப் போல வயதுள்ள மனிதர் குனிந்து, இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் குடித்தார். தண்ணீர் அவர் முழங்கை வழியாக ஓடிப் புழுதியில் விழுந்தது. குடித்து முடித்து, “மவராசனா இரும்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அந்த வருஷம் ஏப்ரலில்தான் விருதுநகர்க் காமராஜ் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியானார். இரண்டும் ஒரே கோடையில் நடந்தன என்பதை நான் வெகு காலம் கழித்தே பொருத்திப் பார்த்தேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து கருப்பட்டியும் கருவாடும் உப்பும் ஏற்றிக்கொண்டு வடக்கே போனவர்களில் பலர் ஆங்காங்கே தங்கிவிட்டார்கள். சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்கள் அவர்களுடைய கேந்திரங்களாயின. வழியில் கொள்ளை பயம் உண்டு. அதனால் சுவர் எழுப்பிப் பேட்டை கட்டினார்கள். வண்டியும் மாடும் சரக்கும் இரவில் உள்ளே. பேட்டைக்கு வரும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை பொதுவுக்கு எடுத்து வைத்தார்கள். அதற்கு மகமை என்று பெயர். யாரும் ஏழையாகிவிடாத அளவுக்குச் சிறிய தொகை. ஆனால் விடாமல் எடுத்தார்கள். அந்தப் பணத்தில் கிணறு வந்தது, கோயில் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. எங்கள் ஆற்றங்கரையிலோ பொதுப் பணம் என்றால் கோயில் பணம்தான். கோயில் பணம் என்றால் அதைப் பற்றி ஒரு வழக்கும் கூடவே இருக்கும்.

அவர்கள் ஒன்று சேர்ந்ததற்குச் சந்தோஷமான காரணங்கள் மட்டும் இருந்தன என்று நினைத்துவிடக் கூடாது. 1897-இல் கமுதியில் கோயிலுக்குள் போனார்கள் என்பதற்காக நடந்த வழக்கு, ராமநாதபுரம் சேதுபதி போட்ட வழக்கு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. நடுவில் 1899 ஜூன் மாதம் சிவகாசியைக் கொள்ளையிட்டார்கள். அந்தக் கலவரம் எங்கள் ஜில்லாவிலும் ஊர் ஊராகப் பரவியது. கையில் காசு வந்தவனைக் கோயில் வாசலில் நிறுத்தி வைத்தால் அவன் என்ன செய்வான்? 1910-இல் நாடார் மகாஜன சங்கம் பிறந்தது. 1921-இல் ‘சாணார்’ என்ற பழைய பெயரை நீக்கி ‘நாடார்’ என்றே சர்க்கார் எழுத வேண்டும் என்ற கோரிக்கை வென்றது. அதே வருஷம் நவம்பரில் தூத்துக்குடியில் நாடார் பாங்கி திறக்கப்பட்டது. 1962-இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் பாங்கி என்று பெயர் மாறியது அதுதான். 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு, மறு வருஷமே திரும்பி வந்து ஊரில் பட்டறை போட்டார்கள். 1939 ஜூலையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் அழைத்துச் சென்ற சிறு கூட்டத்தில் அரிஜனங்களோடு ஒரு நாடாரும் இருந்தார். பாங்கி ஆரம்பித்துப் பதினெட்டு வருஷம் கழித்துத்தான் சந்நிதி கிடைத்தது!

தேரிப் பக்கத்தில் இந்தக் கதை வேறு வழியில் நடந்தது. இடையன்குடியிலும் மெய்ஞ்ஞானபுரத்திலும் நாசரேத்திலும் பாதிரிமார் வந்து பள்ளிக்கூடம் வைத்தார்கள். கால்டுவெல் 1849-இல் இந்த ஜனங்களைப் பற்றி எழுதிய புஸ்தகம் அவர்களுக்கு ஆறாத மனவருத்தத்தைத் தந்தது. ஆனால் பாதிரிமார் வைத்த பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள்தாம் அந்தப் புஸ்தகத்தை மறுத்து எழுதவும் செய்தார்கள்.

இனி எங்கள் பக்கத்துக் கணக்கு. அத்தான் கேட்க விரும்பாத கணக்கு.

தாத்தாவுக்கு இருபத்துநாலு கோட்டை. பிள்ளைகள் மூன்று பேர். பாகம் பிரித்ததில் அப்பாவுக்கு எட்டு. என் அக்காமார் இரண்டு பேர் கல்யாணத்துக்கு இரண்டிரண்டாக நாலு கோட்டை போயிற்று. வாய்க்கால் வரப்பு ஒன்றைப் பற்றிப் பங்காளியோடு பதினொரு வருஷம் வழக்காடினார். அந்த வரப்பின் அகலம் ஒன்றரை முழம். அதில் இரண்டு கோட்டை. ஆக மிச்சம் இரண்டு. 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும், 1961-இல் முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று உச்சவரம்பு வந்தபோதும் எங்கள் தெருத் திண்ணைகளில் ஒரே புலம்பல். உச்சவரம்பைத் தொடுகிற அளவுக்கு அந்தத் திண்ணைகளில் ஒருவரிடமும் நிலம் இல்லை என்பது வேறு விஷயம். ஆறு வருஷம் தவறாமல் தண்ணீர் கொடுத்தது. தவறாமல் நெல் விளைந்தது. விளைந்த நெல்லை விற்று மறுபடியும் வயல் வாங்குவது அல்லது வயலை விற்று மாப்பிள்ளை வாங்குவது, இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒரு காரியம் உண்டு என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. பெற்ற பிள்ளைகளைப் படிக்க வைத்து உத்தியோகத்துக்கு அனுப்பியதுதான் மிச்சம். நான் பிழைத்தது அதனால்தான், அதை மறுப்பதற்கில்லை.

1967-இல் அந்த இரண்டு கோட்டையையும் அப்பா விற்றார். வாங்கியவர் கருப்பட்டிக்காரரின் மகன். ஜங்ஷனில் மளிகைக் கடை வைத்திருந்தார். என் காலேஜ் சம்பளத்துக்காக அப்பா அவரிடம் எழுதிக் கொடுத்த நோட்டுகள் சேர்ந்துபோயிருந்தன. பதிவு ஆபீசில் ஒரே ஒரு பெஞ்சு. அப்பா நின்றுகொண்டிருந்தார். “பிள்ளைவாள், நீங்க உக்காருங்க” என்று அவர் எழுந்தார். அப்பா உட்காரவில்லை. இரண்டு பேரும் நின்றார்கள். பெஞ்சு காலியாகக் கிடந்தது.

கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகு அப்பா கேட்டார்: “நாடாரே, உமக்கு வியாபாரம் இருக்கு. வயலை வச்சு என்ன செய்யப் போறீரு?”

“போட்ட பணத்துக்கு வட்டிகூடக் கட்டாதுன்னு எனக்குத் தெரியும், பிள்ளைவாள். எங்க ஐயா உங்க வீட்டுக்கு வண்டி கொண்டாரும்போதெல்லாம் அந்த வயலைப் பார்த்துக்கிட்டு நிப்பாராம். தண்ணி நிக்கிற நிலம் ஒண்ணு இருக்கணும்னு அவருக்கு ஆசை.”

ஐயா உயிரோடு இருந்தார். படுக்கையில் இருந்தார். நான் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. செம்பும் திண்ணையும் ஞாபகம் வந்ததுதான் காரணம் என்று இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்குப் பரீட்சை என்று சொன்னேன்.

அந்த வயலில் உழுது நட்டு அறுத்தவர்கள் தாத்தாவும் இல்லை, அப்பாவும் இல்லை, கடைக்காரரும் இல்லை. ஊருக்குக் கிழக்கே சேரியில் இருந்தவர்கள். நிலம் கைமாறிய அன்று அவர்களை யாரும் பதிவு ஆபீசுக்குக் கூப்பிடவில்லை. அவர்கள் வகையைச் சேர்ந்த பலர் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே ஏறிப் போனார்கள். 1999 ஜூலை 23-ஆம் தேதி கூலி உயர்வு கேட்டு ஊர்வலமாகத் திருநெல்வேலிக்கு வந்தபோது போலீஸ் தடியடிக்குத் தப்பி இதே ஆற்றில் இறங்கினார்கள். பதினேழு பேர் பிணமானார்கள். அத்தானுடைய ‘அவுக’விலும் சரி, ‘நாம’விலும் சரி, அவர்களுக்கு இடமில்லை.

கல்யாணம் முடிந்த மறு மாதம் திருச்செந்தூர் போய்விட்டு உடன்குடி வழியாகத் திரும்பினேன். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பனையேற ஆள்தான் கிடைக்கவில்லை என்றான் காரோட்டி. ரோட்டோரம் ஒரு விளையில் பதநீர் இறக்கிக்கொண்டிருந்தார் ஒருவர். அறுபது வயதுக்கு மேலிருக்கும். நெஞ்சும் முழங்காலின் உட்புறமும் மரப்பட்டை மாதிரி காய்த்திருந்தன. பேச்சுக் கொடுத்தேன். ஜங்ஷன் மளிகைக்கடைக்காரர் பேரைச் சொன்னேன்.

“அவரு எனக்கு அண்ணன் முறை வேணும். பிள்ளைங்கள்லாம் மெட்ராசிலே பெரிய ஆளுங்க. எங்க ஐயா மரத்திலேருந்து விழுந்தாரு, நாங்க இங்கேயே நின்னுட்டோம்” என்றார். குறை சொல்கிற குரல் இல்லை. மழை பெய்தது, பெய்யவில்லை என்பதுபோல் சொன்னார். பிறகு, “அண்ணாச்சிக்கு எந்த ஊரு?” என்று கேட்டார்.

சொன்னேன்.

“ஆத்தங்கரையா! அங்க தண்ணிக்குப் பஞ்சமே கிடையாதே” என்றவர் பனையோலையைக் கிழித்து, மடக்கிக் கட்டிப் பட்டை ஒன்று செய்து என் கையில் கொடுத்தார். “குனிஞ்சு பிடிங்க, அண்ணாச்சி. சட்டையிலே சிந்திரும்.”

நான் இரண்டு கையாலும் பட்டையை ஏந்திக்கொண்டு குனிந்தேன். அவர் கலயத்தை உயரத் தூக்கி ஊற்றினார்.