கொள்ளிடக் கரையில் ஒரு மாலை

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்புக்குச் சென்ற கோடையில் போயிருந்தேன். ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டத் தொடங்கிய மேலணை அங்கேதான் உள்ளது. 2018 ஆகஸ்டு 22 இரவில் அதன் 45 மதகுகள் கொண்ட பகுதியில் 9 மதகுகள் வெள்ளத்தில் சரிந்தன. சில நாள்களுக்கு முன்னர்தான் திருவானைக்காவலை அடுத்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் வீழ்ந்திருந்தன. வரம்பின்றி மணல் அள்ளியதே காரணம் என்றனர் உழவர், அரசு மறுத்தது. எவ்வாறாயினும், புதிய கதவணைக்கு 387 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்க வேண்டியதாயிற்று.

ஆற்றுமணல் வெள்ளநீரை உள்வாங்கித் தேக்கும் களஞ்சியம். திருச்சி நகருக்குக் குடிநீர் தரும் கிணறுகள் பல இம்மணலில்தான் இறக்கப்பட்டுள்ளன. ஆயினும், நாம் கொடுக்கும் மணல் விலையில் தோண்டும் கூலியும் லாரி வாடகையும் தரகும் அடங்குகின்றனவேயன்றி, வற்றும் கிணற்றின் விலை அடங்குவதில்லை. எங்கள் பங்கு மண்டபத்திற்கு மணல் இறக்கிய நாளில் நானும் பேரம் பேசினேன். அது எங்கிருந்து வந்தது எனக் கேட்டேனில்லை.

தடைச் சட்டம் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் 2003-இல் மணல் குவாரிகளை அரசே ஏற்றது. காவலனே வணிகனும் ஆனான். இங்கிலாந்தில் 2002 ஏப்ரல் முதல், புதிதாகத் தோண்டியெடுக்கும் மணல், சரளை, கல் ஆகியவற்றிற்கு டன்னுக்கு 1.60 பவுண்டு வரி விதித்தனர். இடித்த கட்டடக் கழிவை மீண்டும் பயன்படுத்துவோருக்கு அவ்வரி இல்லை. கேரளத்தின் 2001-ஆம் ஆண்டுச் சட்டமோ, மணல் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஆற்றைப் பேணும் நிதிக்கென ஒதுக்கச் செய்தது. இவ்விரண்டையும் இணைத்து, ஆற்றுமணலின் மீது வரியை உயர்த்தி, அதில் ஒரு பங்கைக் கரையோர ஊராட்சிகளுக்கே தரலாகாதா? ஆற்றின் தரைமட்டம் தாழாதிருந்தால் மட்டுமே அப்பணம் என்று விதித்தால், ஊரே காவலிருக்கும். எம்-சாண்டு மலிவாயின் நன்றே. ஆனால் அதற்கும் ஏதோ ஒரு மலை உடைபட்டாக வேண்டும்.

திரும்பும் வழியில் கரையோரத் தேநீர்க் கடையில் லாரிக்கு மணல் ஏற்றும் இளைஞர் ஒருவர் என்னருகே அமர்ந்தார். இவற்றையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சாமி, இரவுக்கூலியை அந்த ஊராட்சி தருமா?” என்றார். காவலுக்கு ஆள் வைத்தால் முதலில் உங்களைத்தான் வைக்க வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை, மாதம் எவ்வளவு கிடைக்கும் என்றுதான் கேட்டார்.