கீழேயும் ஓர் ஊர் இருக்கிறது

விளையாட்டுத்தானே என்று நாம் அலட்சியம் செய்வதிலும் சில வேளைகளில் பாடம் இருக்கிறது. கணினியில் ஊர் கட்டும் விளையாட்டு ஒன்றை என் மகன் எனக்குக் காட்டினான். ‘சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ்’ என்பது அதன் பெயர். பின்லாந்து நாட்டு நிறுவனம் உருவாக்கி, 2015 இல் வெளிவந்தது. சாலை அமைத்து, மின்சாரம் தந்து, ஆற்றங்கரையில் நீரேற்று நிலையமும் கழிவுநீர்க் குழாயும் வைத்தால்தான் அந்த ஊர் தழைக்கும்.

அவன் கட்டிய ஊரில் மக்கள் நோயுற்றார்கள். மருத்துவமனை கட்டினான், நோய் தணியவில்லை. பிறகுதான் காரணம் புரிந்தது. கழிவுநீர் விழும் இடத்துக்குக் கீழே குடிநீர் எடுத்திருக்கிறான்! கழிவுக் குழாயை நீரோட்டத்தின் கீழ்ப்புறம் மாற்றியதும் ஊர் நலமடைந்தது. அழுக்கு நீர் படத்தின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது.

“அது எங்கே போகிறது, அத்தா?” என்றான்.

“விளையாட்டில் அதற்கப்பால் ஒன்றுமில்லை” என்றேன்.

“நம் வீட்டுச் சாக்கடை எங்கே போகிறது?” என்று கேட்டான். நான் வாயடைத்துப் போனேன்.

நான் வாழ்வது உத்தமபாளையத்தில். எங்கள் ஆற்றில் ஓடும் நீர், மேற்கே அரபிக்கடலுக்குப் போக இருந்த பெரியாற்று நீர். கர்னல் பென்னிகுயிக் தலைமையில் 1887 இல் தொடங்கிய அணைவேலை, வெள்ளத்தில் அழிந்தும் காய்ச்சலில் தொழிலாளர் பலர் மாண்டும் தளராமல், 1895 இல் நிறைவேறியது. மலையைக் குடைந்து, ஏறத்தாழ ஒரு மைல் நீளச் சுரங்கத்தின் வழியே தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி எனப் பள்ளத்தாக்கை நனைத்து, தேனிக்கருகே வைகையில் கலந்து, வைகை அணை வழியாக மதுரைக்கும் அது போகிறது. இங்கே படத்துக்கு விளிம்பு இல்லை. ஒவ்வோர் ஊருக்குக் கீழேயும் ஓர் ஊர் இருக்கிறது.

என் தங்கை வாழ்க்கைப்பட்டிருப்பது சின்னமனூரில். பெருநாள் தோறும் அவளுக்குச் சீர் அனுப்பத் தவறாத நான், என் வீட்டுச் செப்டிக் டேங்கில் வழியும் நீரைத் தெருச் சாக்கடையில் விட்டிருந்தேன். சாக்கடை வாய்க்காலில் சேர்கிறது; வாய்க்கால் ஆற்றில் சேர்கிறது. செலவை எண்ணிப் பல ஆண்டுகளாக உறிஞ்சுகுழி தோண்டாமல் தட்டிக் கழித்து வந்தேன். மேலேயிருந்து வந்த தண்ணீரில் ஒளூச் செய்துவிட்டு, கீழே இருப்பவளுக்கு எதை அனுப்பினேன்!

மக்கள் நீர் எடுக்கும் துறைகளில் அசுத்தம் செய்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். தூய்மையை ஈமானோடு சேர்த்துப் பேசும் சமுதாயம் நாம். அந்தத் தூய்மை நம் வாசற்படியோடு முடிந்துவிடலாமா?

மறுவாரமே கொத்தனாரை அழைத்தேன். டேங்கைச் சுத்தம் செய்து, கிணற்றுக்கு எட்டத்தில் குழி தோண்டி, உடைகல் நிரப்பி, வழியும் நீரை அதில் விட்டோம். ஒரு வீட்டால் ஆறு தூய்மையாகிவிடாது, அறிவேன். ஆயினும் என் பங்கு அழுக்கு குறைந்தது.

வாசகர்களே, இன்று உங்கள் வீட்டுக் கழிவுநீரின் பின்னே சற்றுத் தூரம் நடந்து பாருங்கள். அது யாருடைய குடத்தை நோக்கிப் போகிறது என்று கண்டு திருத்திக்கொள்ளுங்கள். நமக்குத் தண்ணீர் தந்தவர்களுக்கு நாம் நன்றி செலுத்தும் வழி, நமக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதைத் தூய்மையாக அனுப்பி வைப்பதே. அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக!