அடி வாங்கியவர்கள் காத்த கொடி

பிள்ளைகளே, திருப்பூரில் ரயிலை விட்டு இறங்கிக் குமரன் சாலை வழியே வேலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரை ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்பார்கள்? ஷிப்டுக்கு நேரமாகிவிடும், நிற்க முடியாது. எனக்கும் அது தெரியும். பனியன் கம்பெனியில் கைமடியாக நுழைந்து, டெய்லராகி, கட்டிங் மாஸ்டராக ஓய்வு பெற்றவன் நான். நாட்டைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் உரத்துப் பேசுகிறவர்கள் பெருகிவிட்ட இந்த நாளில், எழுபது வயதைத் தாண்டியவன் தன் பிள்ளைகளிடம் சொல்வதுபோல் சிலவற்றை உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

குமரன் 1904 அக்டோபர் 4 அன்று சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். 1932 ஜனவரித் தொடக்கத்தில் காந்தி பம்பாயில் கைதானார். நாடெங்கும் கொந்தளிப்பு. 10-ஆம் தேதி திருப்பூரில் தடையை மீறி ஊர்வலம் புறப்பட்டது. போலீஸ் தடியால் அடித்ததில் மண்டை பிளந்து விழுந்த குமரன் மறுநாள் உயிர்விட்டார். விழுந்த பின்னும் கொடியைக் கை விடவில்லை. அன்றைய கொடியின் நடுவில் இருந்தது அசோகச் சக்கரம் அன்று, ராட்டை. ஊரே கதர் நூலை நம்பிப் பிழைத்த காலம் அது. தமிழ்நாட்டுக் கதர் வேலைக்கே திருப்பூர்தான் தலைமை இடம். தன் ஊரின் பிழைப்பையும் நாட்டின் மானத்தையும் ஒரே கோலில் கட்டித்தான் அந்த இளைஞர் பிடித்திருந்தார். வயது 27.

இதை நிதானமாக எடைபோட்டுப் பாருங்கள். அவர் யாரையும் அடிக்கவில்லை. கொடிக்கு வணக்கம் வை என்று எவரையும் அதட்டவில்லை. தலைக்கு வந்த அடியைத் தானே ஏற்றார். அவர் மனைவி ராமாயி அதன் பிறகும் வாழ வேண்டியிருந்தது. சிலைக்கு மாலை போடுகிற நாளில் அந்தப் பெண் தாங்கியதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்குக் கொடுத்ததில் பாதி எப்போதும் வீட்டில் இருப்பவர்கள் கொடுத்ததுதான்.

இன்னொரு நாட்டின் கொடியோடும் எனக்குப் பழக்கம் உண்டு. மாசி, பங்குனியில் எங்கள் கம்பெனியில் அமெரிக்க ஆர்டர் மும்முரமாக ஓடும். ஜூலை 4 அவர்களுடைய சுதந்திர தினம். நட்சத்திரமும் சிவப்புக் கோடும் அச்சடித்த டி-சர்ட்டுகள் கட்டுக் கட்டாகச் செக்கிங் மேசைக்கு வரும். சிவப்பு நிறம் ஒரு நூலளவு வெள்ளைக் கோட்டுக்குள் தள்ளி விழுந்திருந்தாலும் அந்தப் பீஸ் ரிஜெக்ட். மேசையில் குனிந்து நின்று அதைக் கண்டுபிடித்தவர்கள் நம் ஊர்ப் பெண்கள். வேறொரு நாட்டார் நெஞ்சில் அணியப்போகும் சின்னத்தை அவ்வளவு கவனத்தோடு தைத்து அனுப்பிய கைகள் அவை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அதே நாடு நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஆர்டர் நின்று எத்தனையோ வீடுகளில் வாரச் சம்பளம் குறைந்தது. அரசாங்கத்தின் முடிவு வேறு, மக்கள் வேறு என்று அந்த நாட்களில் பல இளைஞர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. தன் நாட்டை நேசிக்க இன்னொரு நாட்டை வெறுக்கத் தேவையில்லை.

அமெரிக்கர்களின் நாட்டுப்பற்றும் கிறிஸ்தவ விசுவாசமும் நெருக்கமாகப் பின்னிக் கிடப்பவை. பல தேவாலயங்களில் பீடத்துக்கு அருகே தேசியக் கொடி நிற்கும். கொடிக்குச் சொல்லும் உறுதிமொழியில் 1954-இல் கடவுளின் பெயரைச் சேர்த்தார்கள். 1956-இல் கடவுளை நம்புகிறோம் என்பதையே நாட்டின் குறிக்கோள் வாசகமாக்கினார்கள். சபைக்குப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: படைக்குப் போன பிள்ளைக்காக ஒரு சபையே முழந்தாளிடுவது பெரிய பலம். ஆனால் பீடத்தருகே கொடி நிற்கிற இடத்தில், எதற்கு முன் முழந்தாளிடுகிறோம் என்ற தெளிவும் வேண்டும். அந்தத் தெளிவு அவர்களுடைய நீதிமன்றத்துக்கு ஒரு சமயம் இருந்தது. 1943 ஜூன் 14, அவர்களுடைய கொடி நாள். உலகப் போர் உச்சத்தில் இருந்த அந்த வேளையில், மனச்சாட்சி காரணமாகக் கொடிக்கு வணக்கம் சொல்ல மறுக்கும் பள்ளிப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும் அப்படி ஒன்று நடந்தது. 1985-இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையோடு எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. அவர்களைப் பள்ளியை விட்டு விலக்கினார்கள். மறு ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. தீர்ப்பை எழுதிய நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த அமெரிக்க வழக்கையும் எடுத்துப் பேசினார். நான் கீதத்தை வாய்விட்டுப் பாடுகிறவன், பாடும்போது கண் கலங்குகிறவன். இருந்தாலும் அந்தத் தீர்ப்பை என் நாட்டின் பெருமைகளில் ஒன்றாக எண்ணுகிறேன். குழந்தையின் தொண்டையிலிருந்து மிரட்டி வாங்கிய பாட்டால் எந்த நாடும் வலுப்பெற்றதில்லை.

விசுவாசம் நாட்டுக்கு எப்படிப் பயன்பட வேண்டும் என்று கேட்டால், நான் காட்டுவது ஜே.சி. குமரப்பாவை. 1892-இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தார், பம்பாயில் தொழில் நடத்தினார், அமெரிக்காவுக்குப் போய்ப் படித்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் ஏழ்மைக்கும் பொது நிதிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தபோது, இந்த நாடு எப்படிச் சுரண்டப்படுகிறது என்பது கணக்காகவே அவர் முன்னால் விரிந்தது. 1929-இல் சபர்மதியில் காந்தியைச் சந்தித்த பிறகு மேல்நாட்டு உடையைக் கழற்றிவிட்டுக் கதருக்கு மாறினார். சத்தியாக்கிரகம் கிறிஸ்தவனுக்கு ஆகாது என்று ஆங்கிலேயச் சபைத் தலைவர்கள் சொன்னபோது, இயேசுவின் வழியே அதுதான் என்று அவர்களோடு வாதாடினார். சிறையில் இருந்துகொண்டு இயேசுவின் போதனைகளைப் பற்றி ஒரு நூலும், நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு நூலும் எழுதினார். கடைசிக் காலத்தில் மதுரைக்கு அருகே டி. கல்லுப்பட்டியில் எளிய வாழ்க்கை. 1960 ஜனவரி 30, காந்தி மறைந்த அதே தேதியில், காலமானார். ஆண்டவர் பெயரைச் சொல்லி அவர் எந்தப் பதவியையும் கேட்டதில்லை. சிறைக்குப் போகவும் இருந்ததைத் துறக்கவும் அந்தப் பெயரிலிருந்து பலம் எடுத்துக்கொண்டார்.

என் அண்ணன் வெல்லிங்டனில் பயிற்சி பெற்று மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தவர். 1971 டிசம்பர்ப் போரின்போது எங்கள் தெருவில் ரேடியோ இருந்த வீட்டுத் திண்ணையில் கூட்டம் நெருக்கும். அம்மா மட்டும் போகமாட்டார். இரவு ஜெபத்தில் அண்ணனுக்காக வேண்டிக்கொண்ட பிறகு, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்காகவும் வேண்டுவார். ஜெபக்கூட்டத்துக்கு வந்த பெரியவர் ஒருவர், "நாம் ஜெயிக்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கம்மா" என்றார். "ஜெயிக்கறத சர்க்கார் பாத்துக்குமுங்க. நான் உசுருக்குக் கேக்கறேன்" என்றார் அம்மா. மகனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டுப் பேசிய வார்த்தை அது. யாரையும் அனுப்பாதவர்கள் போர் வேண்டும் என்று கூச்சலிடக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் அந்தக் குரல்தான் அளவுகோல்.

அண்ணன் சுபேதாராகத் திரும்பி வந்தார். பட்டாளத்தில் மதம் எப்படி நடக்கிறது என்று அவர் வாயால் கேட்டிருக்கிறேன். பல யூனிட்டுகளில் சர்வ தர்ம ஸ்தலம் என்று ஒரே கூரையின் கீழ் எல்லா மத வழிபாடும் நடக்கும். தன் வீரர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்களோ, அந்த வழிபாட்டில் அதிகாரியும் கூட நிற்பார். அவர் ஏவினால் சாகப் போகிறவர்கள் அவர்கள். இந்த வழக்கத்தை ஒட்டி 2025-இல் ஒரு வழக்கு முடிந்தது. சீக்கிய வீரர்களுக்குப் பொறுப்பாக இருந்த கிறிஸ்தவ அதிகாரி ஒருவர் வழிபாட்டு அணிவகுப்புக்குப் போனார், வெளியே நின்றார், கருவறைக்குள் நுழைய மட்டும் மறுத்தார். 2021-இல் அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். டெல்லி உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றன. சீருடை அணிந்தவனின் சுதந்திரம் பள்ளிக் குழந்தையின் சுதந்திரம் போன்றது அல்ல என்பதை நான் ஏற்கிறேன். அதே வேளையில், அந்த மனிதரை நாட்டுப்பற்று இல்லாதவர் என்று எவர் சொன்னாலும் ஒப்பமாட்டேன். வேலை போகும் என்று தெரிந்தே தன் மனச்சாட்சிக்கு நின்றவர் அவர்.

இப்போது உங்கள் பக்கத்து மிஷினில் ஜார்க்கண்ட் பையனோ பெண்ணோ உட்கார்ந்து ஓவர்லாக் ஓட்டிக்கொண்டிருக்கலாம். 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவி, வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள் பயந்து மூட்டை கட்டினார்களே, நினைவிருக்கிறதா? அந்த ஜார்க்கண்டைச் சேர்ந்தவர்தான் ஆல்பர்ட் எக்கா. கும்லா மாவட்டத்துப் பழங்குடிக் கிறிஸ்தவர். 1971-இல் கங்காசாகர் சண்டையில் காயத்தோடு முன்னேறி, எதிரியின் இயந்திரத் துப்பாக்கியை அடக்கிவிட்டு மாண்டார். அந்தப் போரின் கிழக்கு முனையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. அந்த மண்ணின் பிள்ளைகளிடம் மொழி தெரியாதென்று முகம் சுளிக்காதீர்கள்.

தங்கை பேரன் அக்னிவீர் தேர்வுக்கு விடியற்காலையில் ஓடிப் பழகுகிறான். நான்கு ஆண்டுப் பணி. நால்வரில் ஒருவருக்கு மேல் நிரந்தரமாக எடுக்கமாட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் ஓடுகிறான். போன வாரம் வந்து, "தாத்தா, யூனிட் கோயிலுக்குள்ள போகச் சொன்னா நான் என்ன பண்றது?" என்று கேட்டான்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே ரோசன பண்ணிக்க கண்ணு" என்றேன். "உன் ஆளுகளோட நிக்க முடியும்னா போ. முடியாதுன்னு மனசு சொன்னா, இங்கயே மிஷின்ல உக்காந்து நேர்மையா உழை. ரெண்டுமே இந்த நாட்டுக்கு வேணும்."

சபை ஐயரிடமும் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாகப் போயிருக்கிறான். அவசரப்படுத்த வேண்டாம் என்று அவன் அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.