மோதிரவிரல்

ஆவூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. ஞானோபதேசத்தை மனப்பாடமாக ஒப்பிக்க வைத்தால் போதும் என்றிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் எங்கள் வயதான உபதேசியார் ஐயா.

தொடக்கத்தில் பாவங்களின் பட்டியல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். பொய், திருட்டு, கீழ்ப்படியாமை, பூசைக்குப் போகாதது என்று நீளமான தாள். ஒரு பையன் மூச்சுவிடாமல் முழுவதையும் ஒப்பித்தான். நான் பூரித்துப்போனேன். ஐயா அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஆத்தா, இதெல்லாம் நீ எழுதுன பாவம். அவன் செஞ்சது இதுல எங்க இருக்கு?"

அடுத்த வகுப்பில் தாளே வேண்டாமென்று, ஒரு சிறுமியை எழுப்பி, "நீ சாமியாரிடம் என்ன சொல்லப்போகிறாய்?" என்று கேட்டேன். பாவாடை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். ஐயா உடனே அவளை உட்காரச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் போனபின்தான் என்னைக் கடிந்துகொண்டார். பாவத்தைக் கேட்பது குருவின் வேலை. கேட்டதை உயிரே போனாலும் அவர் வெளியிடக் கூடாது. உபதேசியார் பிள்ளையை வாசல்வரை கூட்டிப்போகலாம், அவ்வளவுதான். அந்தச் சிறுமியின் முகம் வெகுநாள் என்னை உறுத்தியது.

பிறகு கையை நீட்டச் சொல்லிக் கற்றுக்கொடுத்தார். சின்னவிரல் ஆத்தும சோதனை. மோதிரவிரல், செய்த பாவத்துக்கு வருந்தும் மனஸ்தாபம். நடுவிரல், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை. சுட்டுவிரல், குருவிடம் சொல்வது. கட்டைவிரல், அபராதம் தீர்ப்பது. "மோதிரவிரல மட்டும் மடக்கு பாப்போம்." மடக்கினேன், இரண்டு பக்கத்து விரல்களும் சேர்ந்து இழுபட்டன. செய்ததை உள்ளபடி பார்க்காமல் மனஸ்தாபம் வராது, வந்துவிட்டால் பிரதிக்கினையையும் கூட்டிக்கொண்டு வரும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை பிள்ளைகளை நேராகப் பிரதிக்கினைக்கு இழுத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும்விட அதிகம் திணறியது 'உடனே' என்பதைச் சொல்லிக்கொடுப்பதில். "சனிக்கிழமை சாமியார் வருவார், அதுவரை ஞாபகம் வைத்திருங்கள்" என்பேன். பிள்ளைகள் அதைக் கடன் தவணையாகவே எடுத்துக்கொண்டார்கள். சனிக்கிழமைவரை சண்டை தொடர்ந்தது, எடுத்த பொருள் பையிலேயே கிடந்தது. ஐயா பழைய காலத்தைச் சொன்னார். தமிழில் முதன்முதலாக அச்சேறிய நூல்களில் ஒன்று, ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் அடிகளாரின் 'கொம்பெசியொனாயரு'. 1580-இல் கொச்சியில் அச்சான அந்த நூல் பாவசங்கீர்த்தனத்துக்கானது. அச்சு வந்த கையோடு இதற்கொரு நூல் செய்திருக்கிறார்களே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும். பிற்பாடு ஆவூரில் மதுரை மிஷன் சேசுசபைக் குருக்கள் இருந்த நாளிலும், ஊர் ஊராக நடந்து சுற்றிய குரு எல்லா ஊருக்கும் நினைத்தபோது வந்துவிட முடியாது. அதுவரை சனம் பாவத்தோடு கிடந்ததா? இல்லை. கடவுளை நேசிப்பதாலேயே வருந்தும் உத்தம மனஸ்தாபத்தை அன்றைக்கே செய்ய வேண்டும். குரு வந்ததும் சொல்வேன் என்ற உறுதியும் வேண்டும். திருச்சபை இன்றும் போதிப்பது இதைத்தான்.

இதைப் பிள்ளைகளிடம் எப்படிக் கொண்டுபோவது? ஆவூரில் ஈஸ்டரையொட்டி நடக்கும் பாஸ்கா என்ற பாடுகளின் நாடகத்தை அவர்கள் பார்த்திருந்தார்கள். அதில் வரும் இராயப்பரை வேதாகமத்துத் தாவீது அரசரோடு ஒப்பிட்டேன். தாவீது தம் பாவத்தை, நாத்தான் தீர்க்கதரிசி தேடிவந்து சொல்லும்வரை, பிள்ளை பிறக்கும் காலம்வரை மறைத்தார். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த இராயப்பரோ சேவல் கூவியதுமே வெளியே போய் அழுதார். "அவர் ஏன் விடியட்டும் என்று இருக்கவில்லை?" என்று கேட்டேன். "விடிஞ்சா வெக்கம் வந்துரும் டீச்சர்" என்றான் பட்டியலை ஒப்பித்த அதே பையன். நான் யோசித்து வைத்திருந்த விளக்கம் எதுவும் அதற்குமேல் தேவைப்படவில்லை.

அன்று மோதிரவிரலை மடக்கிக் காட்டிக்கொண்டிருக்கையில், பின்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். தன் பையிலிருந்து ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்றை எடுத்துப் பக்கத்துப் பிள்ளையின் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் நின்றிருந்த ஐயா, "கட்டைவிரலயும் இன்னைக்கே பாத்துட்டா" என்று மட்டும் சொன்னார்.

இப்போது வகுப்பைக் கொஞ்சம் முன்னதாகவே முடித்துவிடுகிறேன். யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் வீட்டுக்குப் போகும் வழியிலேயே கேட்டுக்கொள்ளட்டும் என்றுதான். ஐயா இன்னும் வந்து உட்கார்ந்து கவனிக்கிறார். மனஸ்தாப மந்திரத்தைப் பிள்ளைகள் ஓட்டமாகச் சொல்ல விடுகிறேன் என்று போன வாரமும் திருத்தினார்.