இடிபட்ட வண்டிக்கு யார் பொறுப்பு?

குறுவை அறுவடை சமயம். திருக்காட்டுப்பள்ளி ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். ஒதுங்கி நின்ற எங்கள் கார்மேல் வைக்கோல் டிராக்டர் ஒன்று பின்னாலிருந்து மோதியது. நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை.

பெண்ணின் காலேஜ் பீஸுக்காக விற்க இருந்த கார் அது! எங்கள் இன்ஷூரன்ஸ் ரிப்பேருக்குக் கொடுத்தது. பிளாஸ்டிக் பம்பருக்கு மட்டும் தேய்மானம் என்று பாதி கழித்தார்கள். விற்கப் போனால், "இடிபட்ட வண்டிம்மா, 40,000 குறைச்சுக்குங்க" என்றார் தஞ்சாவூர் வியாபாரி.

அந்த நஷ்டம் நம் பாலிசியில் வராதாம். சரி, மோதியவருடைய கம்பெனியைக் கேட்கலாமே? 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டப்படி, பிறர் பொருளுக்கு நேர்ந்த சேதத்துக்கும் விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம்.

"வக்கீலுக்கே பாதி போயிடும், விட்டுத்தள்ளு" என்றார் இவர். நானா விடுவேன்? மோதாமல் இருந்தால் என்ன விலை, இப்போது என்ன விலை என்று வியாபாரியிடமே எழுதி வாங்கினேன். எஃப்.ஐ.ஆர். நகல், சர்வேயர் ரிப்போர்ட், போட்டோ எல்லாம் சேர்த்தேன். (சகோதரிகளே, ஒர்க்‌ஷாப்பில் விடுமுன்பே போட்டோ எடுத்துவிடுங்கள்!)

லோக் அதாலத்தில் பேச்சு வந்தது.

"ரிப்பேர் பணம்தான் வாங்கியாச்சே, இது எதுக்கும்மா?"

"அது ஒர்க்‌ஷாப்புக்குப் போச்சு சார். வண்டி விலை குறைஞ்சதை யார் தருவாங்க?"

10,000-இல் ஆரம்பித்தார்கள். நான் வியாபாரியின் கடிதத்தையே நீட்டிக்கொண்டிருந்தேன். 25,000-க்கு ஒத்துக்கொண்டேன். அங்கே கையெழுத்துப் போட்டால் அப்பீல் கிடையாது. ஒரு ராத்திரி யோசித்துத்தான் போட்டேன். மீதி 15,000-க்கு நெல் விற்ற பணம் கைகொடுத்தது.