எழுதுகோலும் இறைநினைவும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவர், விடுமுறை நாட்களிற் பிள்ளைகளைக் கறுவாத்தோட்டத்து நூதனசாலைக்கு அழைத்துச் செல்வதுண்டு. கண்டியரசரின் சிங்காசனத்தைக் கண்டு களிப்போர், ஆங்குள்ள கற்பலகையொன்றின் முன்பும் சிறிது நேரம் நிற்றல் வேண்டும்.

சீனக் கடற்றளபதி செங் ஹோ கொணர்ந்த கல் அது. அதிற் பொறித்த ஆண்டு 1409. காலியில் வடிகால் மூடியாய்க் கிடந்து 1911இல் மீட்கப்பட்டது. அதிலுள்ள சீனம் புத்தரைப் போற்றுகின்றது. தமிழ் தெனாவரை நாயனாரைப் போற்றுகின்றது. அரபு எழுத்திலமைந்த பாரசீகம் அல்லாஹ்வைப் போற்றுகின்றது. அந்தோ! அப்பாரசீக வரிகள் பெரிதும் தேய்ந்துவிட்டன.

தேய்ந்த அவ்வெழுத்துக்களின் பின்னே ஒரு பெருங்கலை நிற்கின்றது. இறைவனுக்கு உருவம் அமைத்தல் இஸ்லாத்தில் இல்லை. ஆதலின் இறைவாக்கைத் தாங்கும் எழுத்தே முஸ்லிம்களின் கலையுள்ளத்திற்கு உறைவிடமாயிற்று. 940ஆம் ஆண்டில் மறைந்த பக்தாத் நகரத்து இப்னு முக்லா அவ்வெழுத்திற்கு அளவு வகுத்தார். நாணற்கோலின் முனை தாளிற் பதிக்கும் சாய்சதுரப் புள்ளியே அடிப்படை. 'அலிஃப்' என்னும் நெடுங்கோட்டைப் புள்ளிகளால் அளந்து, அதனையே விட்டமாகக் கொண்ட வட்டத்தினுள் ஏனைய எழுத்துக்களை அமைத்தார். அமைச்சராயிருந்த அவர் அரசியற் பகையால் வலக்கையை இழந்தார். பின்னரும் கையிற் கோலைக் கட்டி எழுதினார் என்பர்.

இக்கலையைப் பயில்வோன் ஓரெழுத்தையே பன்முறை எழுதுகின்றான். கை பதறினாற் கோடு பதறும். உள்ளம் அலைந்தால் அளவு தவறும். ஆகவே எழுத்துப் பயிற்சி அவனுக்குப் பொறுமைப் பயிற்சியாகி, ஈற்றில் வழிபாடாகவும் மலர்கின்றது.

இவ்வெழுத்து நம் தமிழுக்கும் அந்நியமன்று. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ், இலங்கையிலும் தமிழகத்திலும் முஸ்லிம் இல்லங்களிற் பல்லாண்டு வழங்கிற்று. ழகரம், ளகரம் முதலிய ஒலிகள் அரபியில் இல்லை. அவற்றிற்கென அரபு எழுத்துக்களிற் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதிய வடிவங்களை ஆக்கிக்கொண்டனர். சமயநூல்களை அவ்வெழுத்திலேயே ஓதியுணர்ந்த பெண்மணிகள் பலர்.

இன்று அதனை வாசிக்க வல்லோர் அருகிவிட்டனர். பாட்டியாரின் பெட்டகத்தில் அத்தகைய ஏடொன்று கிடைப்பின், பழந்தாள் என்று எறிந்துவிடாதீர்கள். அதனைப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருப்பின், அருகமர்ந்து இன்றே கேளுங்கள். மூன்று சமயங்களைப் போற்றிய கல்லே வடிகால் மூடியாய்க் கிடந்ததெனின், காகிதம் எம்மாத்திரம்?