கடைப் படத்தில் விழுந்த முகம்

நானும் மனைவியும் ஸ்காபரோவில் சிறிய சாப்பாட்டுக் கடை ஒன்றைத் திறந்தது 2016 இல். எங்களுக்கு முன்னர் வந்தவர்கள் கடை திறந்தால் துண்டுப்பிரசுரம் அடித்து, நிற்கிற கார்களின் கண்ணாடியில் செருகுவார்கள். பலசரக்குக் கடை வாசலில் இலவசமாகக் கிடக்கும் தமிழ்ப் பத்திரிகைகளில் விளம்பரம் போடுவார்கள். எங்களுக்கு எல்லோரும் சொன்ன புத்திமதி ஒன்றுதான்: "அண்ணை, முகநூலிலை போடுங்கோ. காசே இல்லை."

காசு போகத்தான் செய்தது. நூறு டொலர் கட்டி ஒரு விளம்பரம் போட்டேன். யார் பார்க்க வேண்டும் என்று கேட்ட இடத்தில், தமிழர் எல்லோரும் பார்க்கட்டுமே என்று கனடாவோடு இலங்கை, இந்தியா இரண்டையும் சேர்த்துவிட்டேன். ஒரு கிழமையில் இரண்டாயிரம் பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். மனைவிக்கு வாயெல்லாம் பல்லு. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி, "அண்ணை, இரண்டு கொத்துரொட்டி பார்சல் அனுப்புங்கோ" என்று பகிடி எழுதியிருந்தான். கடைக்கு வந்தவர்களோ வழமையாக வருகிற அதே ஆட்கள். பிறகுதான் கடையைச் சுற்றி ஐந்து கிலோமீற்றருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டப் பழகினேன். பதினைந்து டொலரே போதுமாக இருந்தது.

2018 ஜனவரியில், வியாபாரப் பக்கங்களை விட நண்பர்களும் உறவினர்களும் போடுவதற்கே முன்னிடம் கொடுக்கப்போவதாக முகநூல் அறிவித்தது. அதே மாதம் சிறு வியாபாரிகளுக்கென்று தனியான வட்ஸ்அப் செயலியும் வந்தது. நான் அதற்கு மாறினேன். அப்போது அதில் ஒரே செய்தியை ஒரு பட்டியலில் உள்ள 256 பேருக்கு அனுப்ப முடிந்தது. ஆனால் எங்கள் இலக்கத்தைத் தங்கள் தொலைபேசியில் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேர்ந்தது. ஆகையால் காசு வாங்கும்போதே, "தங்கச்சி, இந்த நம்பரைச் சேவ் பண்ணி வையுங்கோ. செய்தி அனுப்பலாமோ?" என்று கேட்பேன். இது மரியாதைக்கு மட்டுமல்ல. கனடாவில் 2014 யூலை முதல் உள்ள சட்டப்படி, வியாபாரச் செய்தி அனுப்பச் சம்மதம் வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும் வழி வைக்க வேண்டும்.

பின்னேரம் நாலு மணிக்கு, வேலை முடியப்போகும் நேரம் பார்த்து, ஆவி பறக்கிற பிட்டின் படம் ஒன்று. கீழே விலையும் கடை பூட்டும் நேரமும். அவ்வளவுதான். வாழ்த்துப் படங்களும் பொன்மொழிகளும் அனுப்பினால் சனம் சத்தத்தை நிற்பாட்டிவிடும்.

இனிச் சொல்லப்போவது நான் விட்ட பிழை. 2019 இல் ஒரு சனிக்கிழமை கடைக்கு வெளியே வரிசை நின்றது. அப்படியொரு வரிசையை அதற்கு முன் நான் கண்டதில்லை. படம் எடுத்து, கடையின் முகவரியோடு முகநூலில் போட்டுவிட்டேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். படம் போட்ட சந்தோசத்தில் இரவு கணக்குப் பார்க்கவும் மறந்துபோனேன்.

திங்கட்கிழமை ஒரு பிள்ளை கைக்குழந்தையோடு வந்தா. ஒன்றும் வாங்கவில்லை. கடையில் ஆட்கள் போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு, மெல்லமாகக் கேட்டா:

"அண்ணை, அந்தப் படத்தை எடுத்துவிடுவியளோ? முன்னுக்கு நிக்கிறது நான்."

அவவின் கணவர் அப்போதும் ஊரில்தான். அவரைத் தேடுகிறவர்களுக்கு இவ எங்கே இருக்கிறா என்று தெரியாதாம்.

"ஊரிலை ஆர் ஆர் இதைப் பாக்கினம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ, அண்ணை?"

எனக்குத் தெரியாதுதான். நானும் அகதியாக வந்தவன். யாராவது படம் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற காலம் எனக்கும் இருந்தது. கடை வந்ததும் அதெல்லாம் மறந்துவிட்டது.

அவவுக்கு முன்னாலேயே படத்தை அழித்தேன். பகிர்ந்தவர்களின் பக்கங்களிலிருந்தும் அது போய்விட்டது. ஆனால் சிலர் அதைத் தங்கள் தொலைபேசியில் இறக்கி வட்ஸ்அப் குழுக்களில் போட்டிருந்தார்கள். அது எங்கெங்கே போனது என்று எனக்குத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவரையும் அழைத்துக் கெஞ்சினேன். பெரும்பாலானோர் எடுத்தார்கள். இரண்டு பேர் பதிலே தரவில்லை. அந்த இரண்டு படமும் இப்போது யாரிடம் இருக்கின்றன என்று யார் சொல்வது?

இப்போது எங்கள் படங்களில் சாப்பாடு இருக்கும், மிஞ்சினால் மனைவியின் கை இருக்கும். பிறந்தநாளுக்குக் கேக் வாங்குபவர்கள் தாங்களே படம் அனுப்பிப் போடச் சொன்னாலும், பிள்ளையின் பெயரையும் பள்ளிக்கூடச் சீருடையையும் பார்த்து, இன்னொருக்கால் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன். "என்ன அண்ணை, இவ்வளவு விசாரணை!" என்று சிரிப்பவர்களும் உண்டு.

அந்தப் பிள்ளை ஒரு வருடத்துக்கு மேலாகக் கடைப்பக்கம் வரவில்லை. பிறகு ஒரு மாரிகாலத்தில் தொலைபேசியில் இருபது இடியப்பமும் சொதியும் சொல்லியிருந்தா. வாங்க வந்தது ஒரு ஆண். கணவரா, தம்பியா என்று நான் கேட்கவில்லை. இலக்கத்தைச் சேமிக்கச் சொல்லவும் அன்று வாய் வரவில்லை. இரண்டு வடையைக் கூடப் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். வெளியே காருக்குள் குழந்தையோடு இருந்தவ கையை மட்டும் சற்று உயர்த்திக் காட்டினா.